சென்னையிலிருந்து எட்ஸியில் ஓவியம் விற்பது: கடை திறப்பது முதல் பார்சல் போய்ச் சேர்வது வரை

எட்ஸி என்ற இணையச் சந்தையில் கடை திறக்க ஒரு மதியம் போதும். அதில் ஓவியத்தை விற்பதற்குத்தான் வேலை அதிகம். அந்த வேலையில் பாதி அட்டைப் பெட்டியோடும் படிவங்களோடும்தான் நடக்கிறது. ஓவியக் கேலரியில் விற்றால் படத்தைச் சுற்றி அனுப்புவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இங்கே சாலிகிராமத்து மாடி வீட்டிலிருந்து சிகாகோவில் யாரோ ஒருவர் வீட்டுச் சுவர் வரைக்கும் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வரைந்தவர் பாடு. அதனால் என்ன வரைவது, எந்த அளவில், என்ன விலை என்பதையெல்லாம் முடிவு செய்யும்போது பார்சலை முன்னால் வைத்துக்கொண்டு யோசியுங்கள். வரைந்து முடித்தபிறகு பார்சலை யோசிப்பவர்கள்தான் இதில் காசை விடுகிறார்கள்.

எட்ஸி 2005-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கியது. கையால் செய்த பொருள், பழம்பொருள், கைவேலைக்கான மூலப்பொருள் ஆகியவற்றுக்கான சந்தை. வாங்குபவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஓவியத்துக்கு மட்டுமே என்றிருக்கும் சாச்சி ஆர்ட் போன்ற தளங்கள் விலையில் 40 சதவீதம் எடுத்துக்கொள்ளும். எட்ஸி எடுப்பது அதைவிடக் குறைவு. ஆனால் மெழுகுவர்த்தி, கம்மல், குழந்தைச் சட்டைக்கு நடுவில்தான் உங்கள் படமும் தொங்கும். ஆயிரக்கணக்கான டாலருக்குப் பெரிய கேன்வாஸ் விற்க இது இடமில்லை. 40 டாலரிலிருந்து 300 டாலர் வரைக்குமான சின்னப் படங்களுக்கு நல்ல இடம்.

கைவினைச் சந்தையில் போய் ஓவியம் விற்பதா என்று முகம் சுளிப்பவர்கள் நம் ஊரிலேயே உண்டு. அவர்கள் ஒருமுறை ஈஞ்சம்பாக்கம் போய் வரலாம். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று அங்கே தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு நிலம் வாங்கக் கைகொடுத்தது, அந்த ஓவியர்கள் செய்து விற்ற பாத்திக் துணியும் மற்ற கைவினைப் பொருட்களும்தான்.

எதை விற்பது, என்ன அளவில்

மூன்று வகை உண்டு: ஒரிஜினல், பிரிண்ட், ஆர்டரின் பேரில் வரைந்து கொடுப்பது. மூன்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதலில் ஒரிஜினல், அதுவும் 9×12 அங்குலத்துக்குள் காகிதத்தில் வரைந்தது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு.

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண், தராசு காட்டும் எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 18×24 அங்குல கேன்வாஸைச் சட்டத்தோடு பெட்டியில் வைத்தால் பெட்டி சுமார் 70×55×10 வரும். வகுத்தால் 7.7 கிலோ. தராசில் இரண்டு கிலோகூடத் தேறாது, ஆனாலும் 7.7-க்குத்தான் பில். அதே கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி 55×11×11 குழாயில் போட்டால் 1.3 கிலோ. 9×12 வாட்டர்கலரை அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்து 36×28×2 பார்சலாக்கினால் அரைக் கிலோவைத் தொடாது. ஒரே ஓவியர், ஒரே திறமை. அனுப்பும் செலவு மட்டும் பல மடங்கு மாறுகிறது.

கேன்வாஸில்தான் வரைவேன் என்றால் அக்ரிலிக் பெயின்ட்டில் வரைந்து, சட்டம் அடிக்காமல் விற்கலாம். ‘சுருட்டி அனுப்பப்படும், சட்டம் நீங்கள் அங்கே போட்டுக்கொள்ள வேண்டும்’ என்று விவரத்தின் முதல் வரிகளிலேயே சொல்லிவிடுங்கள். சட்டத்துக்கு மடிக்க நாலு பக்கமும் இரண்டு அங்குலம் வெறும் துணி விடுவது வாங்குகிறவருக்குப் பெரிய உபகாரம். ஆயில் பெயின்ட் சென்னையில் தொல்லை. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். தடிமனாகப் பூசிய ஆயில் படத்தை வரைந்த மாதமே சுருட்டி அனுப்புவது வேண்டாத வம்பு.

தஞ்சாவூர் ஓவியம் செய்பவர்களுக்குக் கணக்கே வேறு. பலகை மேல் துணி ஒட்டி, மக்கு எனும் சுண்ணப் பசை வைத்து, கல் பதித்து, தங்க ரேக்கு எனும் மெல்லிய தங்கத் தகடு ஒட்டிய படத்தைச் சுருட்ட வழியே இல்லை. கனமும் அதிகம். ஆனால் அதற்கு வெளிநாட்டுத் தமிழர்களிடம் நிச்சயமான வாடிக்கை உண்டு. புதுமனைப் புகுவிழா, நவராத்திரி, தீபாவளி என்று தேதி பார்த்து வாங்குவார்கள். எட்ஸிக்கென்று 8×10, 10×12 அளவில் செய்யுங்கள். தேக்குச் சட்டமும் கண்ணாடியும் இல்லாமல் அனுப்புவதாகப் போடுங்கள். கண்ணாடியோடு கேட்பவருக்குக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஷீட் போட்டுத் தரலாம். உண்மைக் கண்ணாடி உடைந்தால் படத்தையும் கிழித்துக்கொண்டுதான் உடையும்.

எந்த வகையானாலும் நிறம் மங்காத வண்ணங்களையே வாங்குங்கள். மாணவர்களுக்கான மலிவு டியூபுகளில் சில ரோஸ், சிவப்பு வகைகள் ஜன்னல் வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

படம் உங்களுடையது, உரிமை யாருடையது

இணையத்தில் பார்த்த யாரோ எடுத்த புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்து விற்றால் அது அந்தப் புகைப்படக்காரரின் உரிமையில் கை வைப்பது. சினிமா நட்சத்திரம், கார்ட்டூன் பாத்திரம் எல்லாம் இதே கதைதான்; புகார் வந்தால் எட்ஸி படத்தை இறக்கிவிடும், திரும்பத் திரும்ப வந்தால் கடையையே மூடிவிடும். மயிலாப்பூர் தெப்பக்குளத்தை நீங்களே போய்ப் படமெடுத்து வரையுங்கள். ஒரு காலை நேரம் செலவு, அவ்வளவுதான். பழைய ஓவியங்களைப் பார்த்து வரைவதென்றால் இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டு கடந்திருக்க வேண்டும். ரவிவர்மா 1906-ல் காலமானவர், அவர் படங்களில் பிரச்சினை இல்லை.

ஒரிஜினலை விற்றாலும் அதன் காப்புரிமை (காப்பிரைட்) உங்களிடமே இருக்கும். எழுதிக் கொடுத்தால்தான் கைமாறும். அந்தப் படத்தின் பிரிண்டை நீங்கள் தொடர்ந்து விற்கலாம். ஆனால் ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு வரைந்த உருவப்படம் என்றால் நிலைமை தலைகீழ். 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமை காசு கொடுத்தவருக்கே. ஆகவே ஆர்டர் விவரத்திலேயே ‘காப்புரிமை ஓவியரிடம் இருக்கும், என் வேலையைக் காட்ட இந்தப் படத்தைப் பயன்படுத்துவேன்’ என்று ஒரு வரி போட்டு, அவர் சம்மதத்தையும் மெசேஜில் வாங்கிவிடுங்கள்.

காகித வேலை

பான் கார்டு, வங்கிக் கணக்கு, அடையாளச் சான்று மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனிஷியல் முன்னால் பின்னால் மாறியிருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம், சரிபார்ப்பில் அதுவே மாட்டிக்கொள்ளும். இந்தியக் கடைகளுக்கு எட்ஸி பணம் பேயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக வருகிறது. அந்தக் கணக்கைத் திறந்து வங்கியோடு இணைத்துவிட்டு எட்ஸிக்குப் போவது நல்லது.

வெளிநாட்டுக்குச் சரக்காக அனுப்ப ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி எண் வேண்டும். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி நீங்களே எடுக்கலாம், ஏஜென்ட் தேவையில்லை. ஜிஎஸ்டி பதிவு செய்து, எல்.யு.டி. என்ற உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்துவிட்டால் ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் அனுப்பலாம். உள்நாட்டில் விற்கும் கையால் வரைந்த ஓவியத்துக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகியிருக்கிறது. கைவினைஞர்களுக்குப் பதிவில் சில விலக்குகள் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஒரு ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசித் தெரிந்துகொள்ளுங்கள். மாமா பையனுக்குத் தெரியும் என்ற அளவில் விட்டுவிட வேண்டாம்.

‘கிஃப்ட் என்று எழுதி அனுப்பிவிடலாமே’ என்று அறிவுரை சொல்ல யாராவது வருவார்கள். விற்ற பொருளைப் பரிசு என்று எழுதுவது பொய்க் கணக்கு. தவிர பார்சல் தொலைந்தால் இழப்பீடு கேட்க வழியிருக்காது, வந்த பணத்துக்கு ஏற்றுமதி ஆதாரமும் இருக்காது.

கடையைத் திறப்பது

கடைப் பெயர் 20 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல். உங்கள் பெயரையே வைப்பதுதான் ஓவியருக்கு நல்லது. ‘ஆர்ட்’, ‘கிரியேஷன்ஸ்’ என்று முடியும் பெயர்கள் ஏற்கெனவே மலிந்து கிடக்கின்றன. கடைக்கான நாணயத்தை டாலராகத் தேர்ந்தெடுங்கள். புதுக் கடைகள் சிலவற்றிடம் ஒருமுறை தொடக்கக் கட்டணம் கேட்கிறார்கள். கடை திறக்கும்போது திரையிலேயே தெரியும்.

2024 ஜூலையிலிருந்து ஒவ்வொரு பொருளும் விற்பவர் செய்ததா, விற்பவர் வடிவமைத்ததா, தேடி எடுத்ததா என்பதுபோல் வகைப்படுத்தச் சொல்கிறது எட்ஸி. ஒரிஜினல் ஓவியம் முதல் வகை. பிரிண்டை வெளியே கொடுத்து எடுத்தால் அந்த அச்சகத்தைத் தயாரிப்புக் கூட்டாளி என்று காட்ட வேண்டும். ஏஐ கொண்டு உருவாக்கிய படம் என்றால் அதைச் சொல்லியாக வேண்டும். மேலே இரண்டு கோடு இழுத்துவிட்டு ‘கையால் வரைந்தது’ என்று போடுபவர்கள் மற்ற ஓவியர்கள் பிழைப்பிலும் மண்ணைப் போடுகிறார்கள்.

ஒரு படத்தை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். பத்துப் பதினைந்து படங்கள் கையில் சேர்ந்தபிறகு திறங்கள். ஒரே ஆள் வரைந்தது என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி அவை இருக்கட்டும். கோபுரம் ஒன்று, நாய்க்குட்டி ஒன்று, அப்ஸ்ட்ராக்ட் ஒன்று என்று கலந்து கிடந்தால் வருகிறவருக்கு எதுவும் மனதில் நிற்காது.

கடை திறந்த முதல் நாளே ‘வாங்க முடியவில்லை, உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள்’ என்றோ ‘கணக்கைச் சரிபார்க்க இந்த லிங்கை அழுத்துங்கள்’ என்றோ மெசேஜ் வரும். மோசடி. எட்ஸி அப்படி மெசேஜில் கேட்காது. பதில் சொல்லாமல் புகார் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். பணமும் பேச்சும் எட்ஸிக்குள்ளேயே இருக்கட்டும். கட்டணத்தை மிச்சம் பிடிக்க வாங்குபவரை வெளியே கூப்பிடுவது கடையை மூடவைக்கும்.

படத்தைப் படமெடுப்பது

சென்னை வெயில் நேராகப் படக்கூடாது, டியூப்லைட்டும் ஆகாது. காலை எட்டு, ஒன்பது மணிக்கு வராந்தாவிலோ மொட்டை மாடிப் படி நிழலிலோ படத்தைச் சுவரில் செங்குத்தாகச் சாய்த்து, கேமராவை அதன் நடுமையத்துக்கு நேராக வைத்து எடுங்கள். கை ஆடக்கூடாது, ஒரு ஸ்டாண்ட் வேண்டும். போனை அகலக் கோணத்தில் கிட்டே வைத்து எடுத்தால் ஓரங்கள் வளைந்து தெரியும். இரண்டடி தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்யுங்கள். பக்கத்துச் சுவர் பச்சை பெயின்ட் என்றால் படத்திலும் பச்சை ஏறும், அதைக் கவனியுங்கள். A4 அளவுக்குள்ளான வாட்டர்கலரை ஸ்கேன் செய்வதே மேல். பிரிண்டும் போடும் எண்ணமிருந்தால் 600 டிபிஐ-யில் இப்போதே ஸ்கேன் செய்துவையுங்கள், படம் விற்றுப் போனபிறகு முடியாது.

தங்க ரேக்கு தனி வித்தை கேட்கும். நேர் வெளிச்சத்தில் தங்கம் கறுப்பாகவோ வெள்ளையாகவோ விழும். பக்கவாட்டு ஜன்னல் ஒன்றை மட்டும் திறந்துவைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள். மக்கு வேலையின் மேடு பள்ளம் அப்போதுதான் தெரியும். படத்தை லேசாகச் சாய்த்துச் சாய்த்து ஒரு சின்ன வீடியோவும் எடுத்துவிடுங்கள். தங்கம் மின்னுவது வீடியோவில்தான் பிடிபடும்.

ஒரு பக்கம் 2000 பிக்சலுக்குக் குறையாமல் ஏற்றுங்கள். முதல் படம் முழு ஓவியம். அப்புறம் கிட்டத்தில் தூரிகைத் தடம், கையெழுத்து, காகித ஓரம், பின்பக்கம். கையில் பிடித்தபடி ஒன்று கட்டாயம் வேண்டும், அளவை அங்குலத்தில் எத்தனை முறை எழுதினாலும் ‘இவ்வளவு சின்னதா’ என்று ஒருவர் கேட்பார். சோபா மேல் தொங்குவது போன்ற மாதிரிப் படம் போடலாம், ஆனால் 9×12 படத்தைச் சுவர் முழுக்க வீங்கவைத்துக் காட்டாதீர்கள். ‘விவரத்தில் சொன்னதுபோல் இல்லை’ என்ற புகாருக்கு அதுவே ஆதாரமாகிவிடும்.

தலைப்பும் டேகும்

தலைப்புக்கு 140 எழுத்து வரை இடம் உண்டு, அதை நிரப்ப வேண்டியதில்லை. முதல் ஏழெட்டுச் சொல்லில் என்ன படம், எதில் வரைந்தது, ஒரிஜினலா என்பது வந்துவிட வேண்டும். ‘மௌனத்தின் நிறம்’ என்று நீங்கள் வைத்த பெயரை யாரும் தேடப்போவதில்லை. அதை விவரத்தில் எழுதுங்கள். தலைப்பில் ‘சவுத் இந்தியன் டெம்பிள் ஒரிஜினல் வாட்டர்கலர்’ என்பதுதான் வேலை செய்யும். இதையெல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், வேறு வழியில்லை.

டேக், அதாவது தேடலுக்கான குறிச்சொல், 13 போடலாம், ஒவ்வொன்றும் 20 எழுத்துக்குள். பதிமூன்றையும் பயன்படுத்துங்கள். ஒற்றைச் சொல்லாகப் போட்டு வீணாக்காமல் வாங்குபவர் தட்டும் சொற்றொடராகப் போடுங்கள்: என்ன பொருள், என்ன ஊடகம், எந்த அறைக்கு, எந்த விசேஷத்துக்கு. சென்னை ஓவியருக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. ‘லேண்ட்ஸ்கேப் பெயின்டிங்’ என்று தேடினால் உலகமே போட்டிக்கு நிற்கும். கோலம், கொலு, ஃபில்டர் காபி டபரா, கபாலீஸ்வரர் கோபுரம் என்று தேடுகிறவர்கள் குறைவு, ஆனால் தேடுகிறவர் வாங்குகிற எண்ணத்தோடு வருகிறார். நியூ ஜெர்சியில் புது வீடு வாங்கியவருக்கு அந்த டபரா செட் படம் சமையலறைச் சுவருக்கு வேண்டியிருக்கிறது.

விவரத்தில் அளவு அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும், காகிதத்தின் எடை, வண்ணத்தின் வகை, வரைந்த ஆண்டு, சட்டம் உண்டா இல்லையா, எப்படிப் பேக் ஆகி வரும். தஞ்சாவூர் ஓவியமென்றால் ரேக்கு எத்தனை காரட், கல் எந்த வகை. உண்மைத் தங்கம் இல்லையென்றால் இல்லை என்று எழுதிவிடுங்கள்.

விலை

எட்ஸி எடுப்பதை வரிசையாகப் பார்ப்போம். ஒரு படத்தைப் பட்டியலில் போட 0.20 டாலர், நாலு மாதம் செல்லும். விற்றால் 6.5 சதவீதம், இது அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்த தொகை மேல். பணம் கையாள ஒரு கட்டணம், டாலரை ரூபாயாக்கும்போது பேயோனியர் எடுக்கும் சிறு தொகை. பலர் மறந்துவிடுவது ஆஃப்சைட் விளம்பரம். எட்ஸி உங்கள் படத்தை கூகுள் போன்ற இடங்களில் விளம்பரம் செய்து, அதை அழுத்தியவர் 30 நாளுக்குள் உங்கள் கடையில் வாங்கினால் 15 சதவீதம் பிடித்துக்கொள்ளும். ஆண்டு விற்பனை 10,000 டாலருக்குள் இருக்கும்வரை இதை வேண்டாம் என்று அணைக்கலாம். தாண்டினால் 12 சதவீதம், அணைக்க முடியாது.

120 டாலர் விலை, அனுப்புவது இலவசம் என்று போட்ட ஒரு வாட்டர்கலரை எடுத்துக்கொள்வோம். 0.20, அப்புறம் 7.80 போனால் 112. விளம்பரம் வழியாக வந்த வாடிக்கையாளர் என்றால் 18 போய் 94. பேக்கிங்கும் அனுப்புவதும் 20 என்று வைத்தால் 74. பணக் கட்டணங்களும் போய் எழுபதுக்குக் கீழே கைக்கு வரும். அதிலிருந்து காகிதம், வண்ணம், உங்கள் நேரம். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்து மனம் ஒப்புகிறதா என்று கேட்டுக்கொண்டுதான் விலையை வைக்க வேண்டும். ‘இந்திய விலை’ என்று 25 டாலருக்கு ஒரிஜினலைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த விலையில் வாங்குபவர் அது பிரிண்ட் என்றே நினைக்கிறார். சதுர அங்குலத்துக்கு ஒரு விலை என்று வைத்துக்கொண்டால் அளவுக்கு அளவு விலை முன்பின்னாகாது. 9×12 என்பது 108 சதுர அங்குலம், ஒரு டாலர் பத்து சென்ட் வைத்தால் சுமார் 119.

பிரிண்டில் லாபம் ஒரு படத்துக்குக் குறைவு, ஆனால் திரும்பத் திரும்ப விற்கும். பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் மையில் எடுத்தது, எண்ணிக்கை வரையறுத்தது என்றால் 3/50 (ஐம்பதில் மூன்றாவது) என்று பென்சிலில் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஐம்பது என்றால் ஐம்பதுதான்.

பேக்கிங்

காகிதப் படத்துக்கு: முதலில் அமிலமில்லாத தாள் அல்லது பட்டர் பேப்பர், அதன்மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை. உறையை ஒரு பின் அட்டையோடு சேர்த்து, மூலைகளில் காகித முக்கோணம் போட்டு நிறுத்துங்கள். படத்தின் மேல் டேப் ஒட்டவே கூடாது. அப்புறம் இரண்டு பெட்டி அட்டைத் துண்டுகள், படத்தைவிட நாலு பக்கமும் ஒரு அங்குலம் பெரியதாக. அட்டையை வெட்டிப் பார்த்தால் உள்ளே அலை அலையாக ஒரு திசையில் ஓடும். ஒரு துண்டில் அலை நெடுக்காகவும் மற்றதில் குறுக்காகவும் வரும்படி வைத்து ஒட்டினால் கையால் மடக்கப் பார்த்தாலும் மடங்காது. ஒரே திசையில் வைத்தால் தபால்காரர் கேட் இடுக்கில் செருகும்போது அந்தக் கோட்டிலேயே மடியும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதமும் போர்டும் மொத்த விலைக்கு வாங்கலாம். மாதம் நாலு படம் போகிறதென்றால் பேருந்துச் செலவு கட்டும்.

கேன்வாஸுக்கு: சுருட்டும்போது வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே சுருட்டினால் வண்ணம் நெருங்கிச் சுருக்கம் விழும். பட்டர் பேப்பர் மேலே வைத்து, முதலில் ஒரு மூன்று அங்குல அட்டைக் குழாய் மேல் சுற்றி, அதை நாலு அங்குலக் குழாய்க்குள் விடுங்கள். ஹார்டுவேர் கடையில் பிவிசி பைப்பை வேண்டிய நீளத்துக்கு அறுத்து, இரண்டு மூடியும் வாங்கிக்கொள்ளலாம். லாரி ஏறினாலும் தாங்கும். எடை கொஞ்சம் கூடும்.

பபிள் ராப்பை அக்ரிலிக் படத்தின் மேல் நேராகச் சுற்றாதீர்கள். மீனம்பாக்கம் கிடங்கு வெக்கையில் வண்ணம் லேசாக இளகி, குமிழ்கள் வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும். நடுவில் தாள், குமிழ்ப் பக்கம் வெளியே.

கனமான தஞ்சாவூர் பலகைக்கு மரப்பெட்டி அடிக்கச் சொன்னால் ஒரு விஷயம் கவனியுங்கள். முழு மரச் சட்டங்களில் செய்த பெட்டிக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதிப்படி வெப்பப் பதம் செய்த முத்திரை வேண்டும், இல்லாவிட்டால் போய்ச் சேரும் நாட்டில் நிறுத்திவிடுவார்கள். பிளைவுட்டுக்கு அந்த விதி இல்லை. ஆசாரியிடம் முழுக்க பிளைவுட்டிலேயே அடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சங்கடம் நம் ஊருக்கே உரியது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸுக்கு வாங்கும் காலமும் இங்கே வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழைநாளில் பிளாஸ்டிக் உறைக்குள் மூடினால் காற்றின் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள். காகிதத்தில் பூஞ்சை வெள்ளைப் புள்ளியாகக் கிளம்பும். சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றை உள்ளே போடுங்கள், படங்களை அலமாரியில் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள், முடிந்தால் செப்டம்பரிலேயே வரைந்து காயவைத்து உறையிட்டு அடுக்கிவிடுங்கள். கொலுவுக்கான படங்கள் ஆகஸ்ட் நடுவிலேயே கிளம்பினால்தான் நிம்மதி.

அனுப்புவதும் சுங்கமும்

சின்னப் பார்சலுக்கு இந்திய அஞ்சல் மலிவு. டிராக்கிங் உள்ள சேவையையே எடுங்கள். ஏற்றுமதிக்கென்று ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்ற பெயரில் சில தபால் நிலையங்களில் தனி வசதி இருக்கிறது. போஸ்டல் பில் ஆஃப் எக்ஸ்போர்ட் என்ற ஏற்றுமதிப் படிவத்தை இணையத்திலேயே நிரப்பிக்கொண்டு போகலாம். தனியார் கூரியர் வேகம். விற்பனைப் பொருளுக்கு சி.எஸ்.பி. 5 என்ற சுங்கப் படிவ முறையில் அனுப்பச் சொல்லுங்கள். சி.எஸ்.பி. 4 மாதிரிக்கும் பரிசுக்கும் உள்ளது.

படிவத்தில் எழுதும் பொருள் பெயரில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ‘ஹேண்டிகிராஃப்ட்’, ‘வால் டெகார்’ என்று எழுதாதீர்கள். முழுக்கக் கையால் வரைந்த ஓவியத்துக்கு எச்.எஸ்.என். என்ற சரக்கு வகைக் குறியீடு 9701. அமெரிக்கச் சுங்கப் பட்டியலில் இந்தத் தலைப்புக்கு அடிப்படைத் தீர்வை கிடையாது. படத்துக்கேற்ற சாதாரணச் சட்டம் போட்டிருந்தாலும் இதிலேயே சேரும். ‘ஒரிஜினல் பெயின்டிங், முழுக்கக் கையால் வரைந்தது, காகிதத்தில் வாட்டர்கலர்’ என்று எழுதி, ஓவியர் பெயரும் ஆண்டும் போட்ட இன்வாய்ஸை வெளியே ஒட்டுங்கள். டிஜிட்டல் பிரிண்ட் 4911-ல் வரும். நீங்களே தகடு செதுக்கி அச்செடுத்த எட்சிங், லினோகட் மாதிரி வேலைகளுக்குத்தான் 9702.

அமெரிக்கா 800 டாலருக்குக் கீழ்ப்பட்ட பார்சல்களுக்குக் கொடுத்திருந்த தீர்வை விலக்குச் சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டது. அந்தச் சமயத்தில் இந்திய அஞ்சலும் அமெரிக்கப் பார்சல்களை எடுப்பதை நிறுத்தி, அக்டோபர் 15-ல்தான் மறுபடி தொடங்கியது. தீர்வை இருந்தால் இங்கேயே கட்டி அனுப்பும் முறை வந்திருக்கிறது. விகிதங்கள் அடிக்கடி மாறுவதால் விலை வைக்கும் வாரத்தில் ஒருமுறை தபால் நிலையத்திலோ கூரியரிலோ கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டனுக்கு 135 பவுண்டு வரை, ஐரோப்பாவுக்கு 150 யூரோ வரை உள்ள ஆர்டருக்கு அங்குள்ள வரியை எட்ஸியே வாங்கிக் கட்டிவிடும். அதற்கான எண் ஆர்டரில் இருக்கும், பார்சலோடு அதைத் தர மறந்தால் வாங்கியவர் இரண்டாம் தடவை வரி கட்ட நேரும். ஐரோப்பா 2024 டிசம்பரிலிருந்து பொருள் பாதுகாப்பு விதியையும் கடுமையாக்கியிருப்பதால் புதுக் கடைக்காரர்கள் அந்த நாடுகளை அப்புறம் சேர்க்கலாம்.

பழமைத் தோற்றம் வரச் செய்யும் தஞ்சாவூர், மைசூர் பாணிக்காரர்கள் கவனிக்க: 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓவியங்களை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. புதுப் படமே என்றாலும் பார்க்கப் பழசாக இருந்தால் சுங்கத்தில் சந்தேகம் வரும். அப்படிப்பட்ட படத்துக்கு, அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. படம் செய்யும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போனில் எடுத்த புகைப்படங்கள் இங்கே உதவும். வாங்குபவருக்கும் அவை பிடிக்கும்.

விற்றபிறகு

சென்னையில் இரவு பத்து மணி என்றால் நியூயார்க்கில் மதியம். கேள்விகள் நீங்கள் தூங்கும்போதுதான் வரும். காலை எழுந்ததும் பதில் போட்டுவிட்டால் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். எட்ஸி நல்ல கடைகளுக்குத் தரும் ஸ்டார் செல்லர் முத்திரைக்கு 95 சதவீத மெசேஜுக்கு ஒரு நாளுக்குள் பதில், 95 சதவீதப் பார்சல் நேரத்துக்கு டிராக்கிங்கோடு கிளம்புவது, வாங்கியவர்கள் தரும் 4.8 மதிப்பெண் எல்லாம் பார்க்கிறார்கள். தயாரிப்பு நாட்களைத் தாராளமாகப் போடுங்கள். பொங்கல் வாரத்தையும் புயல் எச்சரிக்கையையும் மனதில் வைத்து.

பார்சல் அடிபட்டுப் போனால் முதலில் பெட்டியின் படமும் ஓவியத்தின் படமும் கேளுங்கள், வாதாட வேண்டாம். 250 டாலர் வரையுள்ள ஆர்டர்களில், விதிப்படி டிராக்கிங்கோடு அனுப்பியிருந்தால் எட்ஸியே பணத்தைத் திருப்பித் தரும் பாதுகாப்பு உண்டு. அதற்கு மேற்பட்ட படத்தை இன்ஷூர் செய்யாமல் அனுப்பாதீர்கள். ‘மனம் மாறிவிட்டது’ என்பதற்குத் திரும்ப எடுப்பதில்லை என்று விதி வைக்கலாம்; சேதமானதற்கும் சொன்னது போல் இல்லாததற்கும் அந்த விதி நிற்காது.

ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு ஃபோல்டர்: எட்ஸி ஆர்டர், இன்வாய்ஸ், ஏற்றுமதிப் படிவம், டிராக்கிங், பேயோனியரிலிருந்து வந்த பணத்துக்கான சான்று. ஆடிட்டர் கேட்பது இந்த ஐந்தும்தான். அடுத்த நிதியாண்டுக்கான எல்.யு.டி.யை மார்ச் முடிவதற்குள் போட்டுவிடுங்கள். ஐ.இ.சி. விவரங்களில் மாற்றமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரலிலிருந்து ஜூன் 30-க்குள் டி.ஜி.எஃப்.டி. தளத்தில் போய் உறுதிசெய்ய வேண்டும். விட்டுவிட்டால் அந்த எண் செயலிழந்துவிடும், பார்சல் கவுன்டரைத் தாண்டாது.